போக்கர்ல ஸ்ட்ரெயிட்: கோத்தகிரி மழைல திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகள்

ஐப்பசி மழை பிடிச்சுதுன்னா கோத்தகிரில சாயங்காலம் ஆறு மணிக்கே ரோட்ல ஆள் இருக்காது, மேட்டுப்பாளையம் ரோட்ல எங்கயாவது மண்ணு சரிஞ்சிருக்கும், கரண்டும் போயிருக்கும். அப்ப எங்க சித்தப்பா வீட்டு மாடில அஞ்சாறு பேர் எமர்ஜென்சி லைட்டை நடுவுல வெச்சு போக்கர் போடுவோம். காசு கிடையாதுங்க. கற்பூர மரத்தடில, யூகலிப்டஸைத்தான் இங்க அப்படி சொல்வோம், பொறுக்குன காய்தான் எங்க சிப்பு, சட்டை பட்டன் மாதிரி இருக்கும், கையெல்லாம் தைல வாசம் அடிக்கும். ஆளுக்கு 100 காய், ராத்திரி முடியறப்ப யாருகிட்ட கம்மியோ அவங்க மறுநாள் எல்லாருக்கும் டீயும் வர்க்கியும்.

ஜோடி, ரெண்டு ஜோடி இதுலயெல்லாம் சண்டை வர்றதில்ல. ஸ்ட்ரெயிட் விழுந்தாதான் சத்தம் கீழ் வீடு வரைக்கும் கேக்கும். ஏன்னா இங்க எல்லாரும் ரம்மில வளர்ந்தவங்க, பாதி பேர் மூணு சீட்டும் ஆடுனவங்க, அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிட்டு வந்து இங்க உக்கார்றாங்க. ரூல்ஸ் கேக்கறதுக்கு நான்தான் கிடைக்கறேன்ங்கறதால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி வெச்சுட்டேன்.

"ஸ்ட்ரெயிட்னா என்னண்ணா, ரம்மில வர்ற சீக்வென்ஸ்தானே?"

பங்காளி மாதிரி வெச்சுக்க, ஆனா அதே ஆள் இல்ல. ரம்மில மூணு சீட்டு வரிசையா வந்தா போதும், ஆனா மூணும் ஸ்பேடுன்னா ஸ்பேடாவே இருக்கணும். போக்கர்ல அஞ்சு சீட்டு வரிசையா வேணும், சூட் எதுவா இருந்தாலும் பரவால்ல. ஸ்பேட் 6, ஆட்டின் 7, கிளாவர் 8, கிளாவர் 9, டைமன் 10, இது ஸ்ட்ரெயிட். ஜோக்கர் கிடையாது, அதனால "நடுவுல ஒரு ஜோக்கர் போட்டுக்கலாம்"னு கை தானா போறதை நிறுத்தணும்.

நாலு சீட்டு வரிசையா இருந்தா அதுக்கு ஒரு மதிப்பும் இல்ல. ஆறு வரிசையா வந்தாலும் எக்ஸ்ட்ரா எதுவும் இல்ல, மேல இருக்கற அஞ்சுதான் கணக்கு. அஞ்சும் ஒரே சூட்டா வந்தா அது ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ், அது ரொம்ப பெரிய கை, மொத்த கட்டுலயும் 40 விதமாத்தான் வரும். இத்தனை வருஷத்துல எங்க மாடில நான் ஒண்ணு கூட பாக்கல.

"என் கைல ரெண்டே சீட்டு இருக்கு, அப்புறம் எங்கருந்து அஞ்சு?"

நாங்க ஆடறது டெக்ஸாஸ் ஹோல்டம். உனக்கு மட்டும் ரெண்டு சீட்டு, டேபிள்ல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. அந்த அஞ்சும் ஒரேடியா வராது, முதல்ல மூணு, அதுக்கு பேரு ஃப்ளாப், அப்புறம் ஒண்ணு டர்ன், கடைசியா ஒண்ணு ரிவர். ஒவ்வொரு தடவையும் காய் கட்டலாம், யாரும் கட்டலைன்னா சும்மா தட்டி விடலாம், எவனாவது கட்டுனா நீயும் கட்டணும், இல்லைன்னா ஃபோல்ட் பண்ணிட்டு கவுத்துட்டு போகணும். கடைசில உன் ரெண்டு, டேபிள் அஞ்சு, ஆக ஏழு சீட்டுல எந்த அஞ்சு நல்லா இருக்கோ அதுதான் உன் கை. ரெண்டையும் எடுத்துக்கலாம், ஒண்ணு மட்டும் எடுத்துக்கலாம், ரெண்டையுமே விட்டுட்டு டேபிளை மட்டும் கூட எடுத்துக்கலாம்.

"ஏஸ் பெருசா சின்னதா? ராணி, ராஜா, ஏஸ், 2, 3 போட்டா செல்லுமா?"

செல்லாது. ஏஸ் ரெண்டு முனைலயும் நிக்கும், நடுவுல நிக்காது. ஏஸ்-2-3-4-5 இருக்கறதுலயே சின்ன ஸ்ட்ரெயிட், 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் இருக்கறதுலயே பெருசு. சூட்டை விட்டுட்டுப் பாத்தா மொத்தமே பத்து ஸ்ட்ரெயிட்தான். சுத்தி வர்றது கிடையாது. நான் ரயிலை வெச்சுதான் சொல்லிக் குடுப்பேன்: குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வந்தா அடுத்தது ஊட்டி, அதோட தண்டவாளம் முடிஞ்சுது. ஊட்டியைத் தாண்டி நேரா மேட்டுப்பாளையம் வர்றதில்லையே.

இங்க ஒரு மூணு சீட்டு பழக்கம் குறுக்க வரும். அதுல நிறைய இடத்துல ஏஸ்-2-3 ரெண்டாவது பெரிய ரன், ரன்னா மூணு சீட்டு வரிசை. அதை நெனச்சுட்டு எங்க பெரியப்பா பையன் ஏஸ்-2-3-4-5 வெச்சுக்கிட்டு மொத்த காயையும் தள்ளுனான், எதிர்ல 2-3-4-5-6. இங்க அந்த ஏஸுக்கு ஒண்ணுங்கற மதிப்புதான், அவன் கை வெறும் 5 ஸ்ட்ரெயிட். இன்னமும் அதை ஏமாத்து வேலைன்னுதான் சொல்லிட்டிருக்கான்.

"மூணு சீட்டுல ரன்னு கலரை அடிக்கும். இங்க மட்டும் ஏன் தலைகீழா இருக்கு?"

கலர்னா எல்லா சீட்டும் ஒரே சூட், போக்கர்ல ஃப்ளஷ்ம்பாங்க. நல்ல கேள்வி, இதைக் கேட்டப்ப நானே ஒரு நாள் பேப்பர்ல கணக்கு போட்டு பாத்தேன். எது அபூர்வமோ அதுதான் பெருசு, ரெண்டு ஆட்டத்துலயும் அதே நியாயம்தான். மூணு சீட்டுல மொத்தம் 22,100 விதமா கை வரலாம், அதுல ரன் 720, கலர் 1,096. ரன் கம்மி, அதனால ரன் பெருசு. அஞ்சு சீட்டுக்கு போனா மொத்தம் 25,98,960 கை, அதுல ஸ்ட்ரெயிட் 10,200, கலர் 5,108. இப்ப கலர்தான் கம்மி. அஞ்சு சீட்டும் ஒரே சூட்டா விழறது அவ்வளவு கஷ்டம்.

அதனால போக்கர்ல வரிசை இப்படி: ஒரே நம்பர் மூணு இருந்தா அதை ஸ்ட்ரெயிட் அடிக்கும், ஸ்ட்ரெயிட்டை கலர் அடிக்கும், கலரை ஃபுல் ஹவுஸ் அடிக்கும், அதாவது ஒரு நம்பர்ல மூணும் இன்னொரு நம்பர்ல ரெண்டுமா சேர்ந்தது. ஏழு சீட்டுல கணக்கு பாத்தா ரிவர் வரைக்கும் நிக்கற நூறு கைல நாலஞ்சு ஸ்ட்ரெயிட்டா முடியும், கலர் மூணு. வித்தியாசம் ரொம்ப இல்ல, ஆனா இருக்கு.

"ரெண்டு பேருக்கும் ஸ்ட்ரெயிட்னா ஸ்பேட் வெச்சிருக்கறவன் ஜெயிப்பான்தானே?"

இல்லவே இல்ல. போக்கர்ல சூட்டுக்கு பெருசு சின்னது கிடையாது. உச்சில இருக்கற சீட்டு யாருக்கு பெருசோ அவங்க ஜெயிச்சாங்க, ரெண்டு பேருக்கும் 10 உச்சின்னா பாட்ல, அதாவது எல்லாரும் கட்டி நடுவுல குவிஞ்சதுல, இருக்கறதை சரிபாதியா பிரிக்கணும். ஒரு காய் மிச்சம் வந்தா சீட்டு போட்டவருக்கு இடது பக்கம் முதல்ல உக்காந்திருக்கறவருக்கு, நாங்க அப்படித்தான் வெச்சிருக்கோம்.

இதை ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசி ஒரு அட்டைல எழுதி மாட்டிடுங்க. ஸ்னூக்கர் ரூல்ஸையே 1880கள்ல ஊட்டி கிளப்ல எழுதி வெச்சுதான் ஆடுனாங்க, நம்ம மலைக்கு அது ஒண்ணும் புதுசில்ல.

"டேபிள்லயே 5-6-7-8-9 வந்துடுச்சு, எல்லாரும் ஈக்வல்தானே?"

கலருக்கு வழியில்லைன்னா, கைல 10 இருக்கறவரைத் தவிர எல்லாரும் ஈக்வல். 10 வெச்சிருந்தா அவருக்கு 6-லருந்து 10, பத்தும் ஜாக்கியும் ரெண்டுமே இருந்தா 7-லருந்து ஜாக்கி, அவர்தான் எல்லாரையும் அடிச்சாரு. 4 வெச்சிருக்கறவங்க சந்தோஷப்பட வேண்டாம், கீழ ஒட்டற சீட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல, டேபிள்ல இருக்கறதே அதைவிட பெருசு. அதனால டேபிள்ல ஸ்ட்ரெயிட் விழுந்து, ஒருத்தர் திடீர்னு 40 காய் கட்டுனாருன்னா, கைல 10 இல்லாம "எப்படியும் பாதி வரும்"னு கூட கட்டறதுக்கு முன்னாடி ஒரு வாய் டீ குடிச்சுட்டு யோசிங்க. டேபிள்ல 10-லருந்து ஏஸ் வரைக்கும் வந்து, கலருக்கும் வழியில்லைன்னா மட்டும்தான் உண்மையிலேயே எல்லாரும் ஈக்வல்.

"எனக்கு ஸ்ட்ரெயிட் விழுந்ததே தெரியலடா, எப்படி பாக்கறது?"

இது சித்தப்பா கேட்டது. ஏஸும் 4-ம் வெச்சிருந்தாரு, டேபிள்ல 2, 5, ராஜா, அப்புறம் 9, கடைசில 3. "ஒண்ணும் சேரலடா"ன்னு கவுத்துட்டு பீடி பத்த வெச்சாரு. அடுத்த ஆட்டம் சீட்டு கலைக்கறப்பதான் நான் பாத்தேன், ஏஸ்-2-3-4-5. அதுக்கப்புறம் அரை மணி நேரம் யாருகிட்டயும் பேசல.

சீட்டு விழற ஆர்டர்ல பாத்தா ஸ்ட்ரெயிட் கண்ணுக்கு சிக்காது, மனசுக்குள்ள சின்னதுலருந்து பெருசா அடுக்கிப் பாக்கணும். ஒரு குறுக்கு வழி இருக்கு: எந்த ஸ்ட்ரெயிட்டா இருந்தாலும் அதுல 5 இல்லைன்னா 10 கட்டாயம் இருக்கும். பத்து ஸ்ட்ரெயிட்டையும் எழுதிப் பாருங்க, தப்பாது. டேபிள்ல ரெண்டும் இல்லைன்னா, ஸ்ட்ரெயிட் வெச்சிருக்கறவர் கைல 5 இல்லைன்னா 10 இருந்தே ஆகணும். இன்னொண்ணு, டேபிள்ல இருக்கற அஞ்சுல குறைஞ்சது மூணு சீட்டு ஒரே ஸ்ட்ரெயிட்டுக்குள்ள அடங்கணும். ராஜா, 9, 8, 4, 2 கிடந்தா யாராலயும் ஸ்ட்ரெயிட் போட முடியாது, நிம்மதியா இருக்கலாம்.

"நாலு சேர்ந்துடுச்சு, ஒண்ணே ஒண்ணுதான் வேணும். சான்ஸ் எவ்வளவு?"

அந்த ஒண்ணு எங்க குறையுதுன்னு பாக்கணும். 6-7-8-9 இருந்தா ரெண்டு பக்கமும் திறந்திருக்கு, 5 வந்தாலும் சரி 10 வந்தாலும் சரி, நாலும் நாலும் எட்டு சீட்டு உனக்கு உதவும். 6-7-9-10 இருந்தா நடுவுல ஓட்டை, 8 மட்டும்தான் உதவும், நாலே சீட்டு. குன்னூர், வெலிங்டன், கேத்தி, லவ்டேல் இருக்கு, அரவங்காடு மட்டும் இல்லைங்கற மாதிரி. எங்க செட்டுல இதுக்கு பேரே "அரவங்காடு கேஸ்" ஆயிடுச்சு.

ஃப்ளாப்ல எட்டு சீட்டு உதவற மாதிரி இருந்தா ரிவருக்குள்ள விழ 31.5 பர்சென்ட், டர்ன் முடிஞ்சு ஒரே சீட்டு பாக்கின்னா 17. ஓட்டைன்னா 16.5, கடைசி சீட்டுக்கு 9 கூட இல்ல. மனக்கணக்கு சுலபம்: உதவற சீட்டை, ரெண்டு சீட்டு வரணும்னா நாலால பெருக்கு, ஒண்ணுதான் வரணும்னா ரெண்டால பெருக்கு, கிட்டத்தட்ட சரியா வரும்.

ஏஸ்-2-3-4 இல்ல ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் நாலு வரிசையா இருக்கறதைப் பாத்து எட்டுன்னு எண்ணிடாதீங்க. ஏஸுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லைன்னு மேல சொன்னேனே, அதனால அது அரவங்காடு கேஸுக்கு சமம், நாலே சீட்டு.

"ரெண்டு ஓட்டை இருந்தா வேஸ்ட் தானே?"

எப்பவும் இல்ல. கைல 6, 8, டேபிள்ல 4, 7, 10 இருக்குன்னு வெச்சுக்க. 5 வந்தா 4-லருந்து 8, 9 வந்தா 6-லருந்து 10. பாக்க சிதறிக் கிடக்கற மாதிரி இருக்கும், ஆனா உதவறது எட்டு சீட்டு. இது எனக்கு ரொம்ப பிடிச்ச கை, ஏன்னா எதிர்ல இருக்கறவன் கண்டுபிடிக்கவே மாட்டான்.

"சரி, சான்ஸ் தெரிஞ்சுது. அவன் காய் கட்டறப்ப நான் போகணுமா நிக்கணுமா?"

பாட்ல 60 காய் இருக்கு, டர்ன் முடிஞ்சாச்சு, அவன் 20 கட்டறான். நீ 20 போட்டா ஜெயிக்கறது 80. ரெண்டு பக்கமும் திறந்த கைன்னா, பாத்திராத 46 சீட்டுல 8 உதவும், 38 உதவாது. கணக்கு போட்டா உன் 20-க்கு 95 காயாவது கிடைச்சாதான் கட்டுபடி ஆகும், இங்க 80 தான் இருக்கு. ஸ்ட்ரெயிட் விழுந்ததுக்கப்புறம் அவன்கிட்டருந்து இன்னொரு 15 காய் கறக்க முடியும்னு தோணுனா போ, இல்லைன்னா கவுத்துடு. இதே அரவங்காடு கேஸா இருந்தா 210 காய் வேணும், அதாவது பாட்டுக்கு மேல இன்னும் 130. அந்த ஆளுகிட்ட மொத்தமே அவ்வளவு காய் இருக்காது.

எங்க ஜீப் டிரைவர் அண்ணன் இதை ஒத்துக்கவே மாட்டாரு. "போன வாரம் விழுந்துச்சுல்ல"ம்பாரு. விழும், பதினோரு தடவைக்கு ஒரு தடவை விழும். மீதி பத்து தடவை வர்க்கி அவர் செலவு.

"உதவற எட்டு சீட்டும் எனக்கு நல்லதுதானே?"

டேபிளைப் பாரு. உன் கைல ஸ்பேட் 9, கிளாவர் 10, டேபிள்ல ஆட்டின் 8, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் 3. உனக்கு 7 இல்ல ராணி வேணும். ஆனா வர்றது ஆட்டின் 7-ஓ ஆட்டின் ராணியோ ஆனா டேபிள்ல மூணு ஆட்டின், எவன் கைலயாவது ரெண்டு ஆட்டின் இருந்தா கலர் ஆச்சு, உன் ஸ்ட்ரெயிட் காலி. அதனால எட்டுன்னு எண்ணாம ஆறுன்னு எண்ணிக்கறது நல்லது.

"ஸ்ட்ரெயிட் வெச்சும் தோத்துட்டேன், அதுவும் ஸ்ட்ரெயிட் கிட்டயே. எப்படிண்ணா?"

வால் பக்கம், அதாவது வரிசையோட கீழ் முனைல, உக்காந்திருப்ப. இந்தப் பக்கத்துல ஒண்ணு மட்டும் படிக்கறதா இருந்தா இதைப் படிங்க, ஏன்னா ஸ்ட்ரெயிட் தெரியாம தோக்கறவங்களை விட ஸ்ட்ரெயிட் தெரிஞ்சு தோக்கறவங்கதான் எங்க மாடில ஜாஸ்தி. எனக்கே நடந்தது சொல்றேன். கைல 6-7, ஃப்ளாப்ல 8-9-10, மூணும் வேற வேற சூட். ரம்மில செகண்ட் லைஃப், அதாவது ரெண்டாவது சீக்வென்ஸ், அடிச்ச மாதிரி ஒரு ஃபீலிங், நான் 20 கட்டுனேன், எங்க அத்தை மாப்ளை கண்ணை சிமிட்டாம 60 ஆக்குனாரு, நான் மீதி இருந்த 80-யும் தள்ளிட்டேன். அவர் திறந்தா ராணியும் ஜாக்கியும். எனக்கு 6-லருந்து 10, அவருக்கு 8-லருந்து ராணி. வெறும் ஜாக்கி 7 வெச்சிருந்தா கூட என்னை அடிச்சிருப்பாரு.

ரம்மில சீக்வென்ஸ் முடிஞ்சா முடிஞ்சதுதான், 2-3-4-க்கும் 9-10-ஜாக்கிக்கும் வித்தியாசம் கிடையாது. அங்க படிஞ்ச கெட்ட பழக்கம் இது. இங்க ஸ்ட்ரெயிட் ஆச்சுன்னதும் அடுத்த கேள்வி, டேபிளுக்கு மேல் பக்கம் ஒட்டியிருக்கனா கீழ் பக்கம் ஒட்டியிருக்கனா. மேல் பக்கம்னா தைரியமா ஏத்து. கீழ் பக்கம்னா சின்னதா கட்டு, எதிராளி பெருசா ஏத்துனா அடங்கு. டேபிள்ல 6-7-8-9 நாலு கிடந்து உன் கைல ஒத்தை 5 மட்டும் இருந்தா அது இன்னும் மோசம், எவனோ ஒருத்தன்கிட்ட 10 இருக்கும்.

"பெரிய ஸ்ட்ரெயிட் விழுந்துச்சு, மெதுவா ஆடி ஆளை உள்ள இழுக்கலாமா?"

இழுக்கலாம், ஆனா நான் இழுக்க மாட்டேன். ஸ்ட்ரெயிட்டுக்கு ஒரு குணம் இருக்கு, விழுந்ததுக்கப்புறம் மேல வளர்றது அபூர்வம், ஆனா எதிராளி கை வளர்ந்துட்டே இருக்கும். டேபிள்ல ஒரே சூட் ரெண்டு இருந்தா மூணாவது வரலாம். டேபிள்ல ஜோடி விழுந்தா ஃபுல் ஹவுஸ் ஆகலாம். சும்மா தட்டித் தட்டி விட்டா அவங்களுக்கு ஓசில சீட்டு காட்டுன மாதிரி. கட்ட வெச்சு வாங்கணும். டேபிள்ல மூணும் வேற சூட், ஜோடியும் இல்ல, எதிர்ல இருக்கறவர் பயந்த சுபாவம்னா ஒரு ரவுண்டு சும்மா விட்டுப் பாக்கலாம், அவ்வளவுதான்.

"ஸ்ட்ரெயிட்டுக்கு எந்த ரெண்டு சீட்டு நல்லது?"

ஜாக்கி 10. டேபிள்ல 7-8-9, 8-9-ராணி, 9-ராணி-ராஜா, ராணி-ராஜா-ஏஸ், இந்த நாலுல எது விழுந்தாலும் ஸ்ட்ரெயிட், அந்த மூணு சீட்டை வெச்சு அதைவிட பெரிய ஸ்ட்ரெயிட் யாராலயும் போட முடியாது. அப்படியும் ஃப்ளாப்லயே நேரா விழறது 1.3 பர்சென்ட்தான், அதனால அழகா இருக்குன்னு பாதி காயை முன்னாடியே கொட்டாதீங்க. 3-4 மாதிரி சின்ன சீட்டு ரெண்டு வெச்சிருந்தா, ஸ்ட்ரெயிட் விழுந்தாலும் பல தடவை மேல சொன்ன வால்லதான் கொண்டு போய் விடும்.

"நாலு சீட்டு கைல குடுக்கற ஆட்டத்துல ஒரு 9 வெச்சு 5-6-7-8 கூட சேத்தேன், செல்லாதுன்னுட்டாங்க?"

அது ஓமஹா. அதுல கைலருந்து ரெண்டு, டேபிள்லருந்து மூணு, கட்டாயம். ஒண்ணு நாலு எடுக்க முடியாது. அவங்க சொன்னது சரிதான்.

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, போன்ல காசு கட்டி ஆடலாமே?"

வேண்டாம்ப்பா. 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல வந்த சட்டம், திறமையா அதிர்ஷ்டமாங்கற பேச்சுக்கே இடம் இல்லாம காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் தடை பண்ணிடுச்சு. சட்டம் இல்லாட்டியும் நான் போயிருக்க மாட்டேன், கற்பூரக் காய்லயே எனக்கு தூக்கம் கெடுது.

"ஈரத்துல ரெண்டு சீட்டு ஒட்டிட்டு ஃப்ளாப்ல நாலு விழுந்துச்சு. எனக்கு அதுல ஸ்ட்ரெயிட் இருந்துச்சே, செல்லாதா?"

நம்ம ஊர்ல மட்டும் வர்ற கேள்வி. பேப்பர் சீட்டு இங்க மழைக்காலத்துல பப்படம் மாதிரி ஊறி, ஓரம் வளைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிளாஸ்டிக் சீட்டு வாங்குங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். அன்னைக்கு 5, 6, 7, 8 நாலும் சேர்ந்து திறந்துடுச்சு, கைல 4-ம் ராணியும் வெச்சிருந்தவன் குதிச்சு எந்திரிச்சுட்டான். ரூல் என்னன்னா, அந்த நாலையும் கவுத்து நல்லா கலக்கி, ஒண்ணை உருவி தனியா வெக்கணும், அது டர்னுக்கு முன்னாடி எப்பவும் கழிச்சுப் போடற சீட்டாகும். மீதி மூணுதான் ஃப்ளாப்.

சித்தப்பா கலக்குனாரு, கண்ணை மூடிட்டு ஒண்ணை உருவுனாரு. கழிவுக்கு எது போச்சுன்னு கேக்கவே வேண்டாம், மிச்சம் கிடந்தது 5, 6, 8. அவன் உக்காந்து, "அப்ப இது அரவங்காடு கேஸ்தானே?"ன்னான். ஆமா, அதுவும் இருக்கற 7-ல ஒண்ணு ஏற்கனவே போயாச்சு, மிச்சம் மூணே சீட்டு.